அம்மாவைத் தோளில் தூக்கி வந்த தீயணைப்புக்காரர்

சிட்டுவின் அப்பாவுக்கு மெதுவாகப் பேசத் தெரியாது. தீயணைப்பு வண்டியின் இரைச்சலுக்கு மேல் கத்திக் கத்திப் பழகிய தொண்டை. "இது நமக்குள்ளயே இருக்கட்டும்" என்று மனைவியின் காதில் ஓதினார் என்றால், எதிர்வீட்டுத் தையல்காரர் ஜன்னலில் தலையை நீட்டி, "கவலைப்படாதீங்க, நான் யார்கிட்டயும் சொல்லல" என்பார்.

மணிச் சத்தம் கேட்டால் அவர் உடம்பு அவரைக் கேட்காமலே கிளம்பிவிடும். எந்த மணி என்றெல்லாம் அதற்குக் கணக்கில்லை. சிட்டுவின் பள்ளியில் பெற்றோர் கூட்டம். "உங்க பொண்ணு கணக்குல கொஞ்சம்..." என்று ஆசிரியை இழுத்த நேரத்தில் மணி அடித்தது. அப்பா நாற்காலியை உதைத்துத் தள்ளி எழுந்தார்.

"எல்லாரும் வரிசையா வெளிய! பையை எடுக்காதீங்க! ஓடாதீங்க!"

அந்தக் குரலுக்கு யார் மறுபேச்சுப் பேசுவது? மாடி முழுக்கக் காலியாகி, எல்லாரும் மைதானத்தில் நின்றார்கள். கணக்கு ஆசிரியையும் வரிசையில் ஒழுங்காக நின்றார். தலைமையாசிரியை மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"சார், அது இடைவேளை மணி!"

"இருக்கட்டும் மேடம். பிள்ளைங்க ரொம்ப நல்லா வந்தாங்க" என்றார் அப்பா, கொஞ்சமும் அசராமல்.

சிட்டுவுக்கு மானமே போயிற்று. ஆனாலும் கணக்குப் பேச்சு அதோடு அமுங்கிப்போனதில் உள்ளூர ஒரு சந்தோஷம்.

ஊருக்கெல்லாம் தீயை அணைத்தவர் வீட்டிலேயே ஒருநாள் தீப்பிடித்தது. அடுப்பில் எண்ணெயை வைத்துவிட்டு, அம்மா தொலைக்காட்சித் தொடரில் ஆழ்ந்துவிட்டாள். சட்டி பற்றிக்கொண்டு, சமையலறைத் திரைச்சீலையையும் சேர்த்துக்கொண்டது. புகையைப் பார்த்த தையல்காரர் நிலையத்துக்கு போன் போட்டார். வந்து நின்ற வண்டியிலிருந்து முதலில் குதித்தவர் அப்பாதான்.

அம்மா முன்னறையில் தொலைக்காட்சிப் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாள். அது இல்லாமல் வெளியே வருவதில்லை என்று முடிவு. அப்பாவுக்குப் பின்னாலேயே அவருடைய அதிகாரி நின்றார். அதிகாரி முன்னால் பெண்டாட்டியை அதட்ட முடியுமா? அப்பா ஹெல்மெட்டைச் சரிசெய்துகொண்டார்.

"அம்மா, பதறாதீங்க. வீட்ல வேற யாராவது இருக்காங்களா?"

அம்மா அவரை மேலும் கீழும் பார்த்தாள். "பொண்ணு ஸ்கூலுக்குப் போயிருக்கா. புருஷன் வேலைக்குப் போயிருக்காரு. அவர் வீட்ல இருந்திருந்தா எனக்கு ஏன் இந்தக் கதி?"

"அவர் வந்தா நாங்க சொல்லிடறோம். நீங்க முதல்ல வெளிய வாங்க."

"டிவியை விட்டுட்டு வரமாட்டேன்."

அப்பா குனிந்தார். அவளை அப்படியே தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். பள்ளி விட்டுத் தெருமுனை திரும்பிய சிட்டு கண்டது இதைத்தான்: அப்பாவின் தோளில் தலைகீழாகத் தொங்கும் அம்மா, கையில் ரிமோட், கைதட்டும் தெரு. ரிமோட்டால் ஹெல்மெட்டில் டொக்கு டொக்கென்று அடித்துக்கொண்டே வந்தாள் அம்மா. புகையைப் பார்த்து வந்த அழுகை, இதைப் பார்த்ததும் சிட்டுவுக்குச் சிரிப்பாக மாறிவிட்டது. அதற்குள் மற்றவர்கள் உள்ளே போய் இருந்த தீயை அணைத்துவிட்டார்கள்.

சாயங்காலம் அப்பா வேலை முடிந்து, ஒன்றும் தெரியாதவர்போல வீட்டுக்கு வந்தார். கரி படிந்த சுவரைப் பார்த்து "என்ன ஆச்சு?" என்று வேறு கேட்டார்.

"யாரோ ஒரு மனுஷன் வந்து என்னைக் காப்பாத்திட்டுப் போனாரு" என்றாள் அம்மா. "வாங்க போங்கன்னு எவ்வளவு மரியாதை! நீங்களும் அவர்கிட்ட கத்துக்கலாம்."

அப்பாவுக்கு அன்று ராத்திரி முழுவதும் காது சிவந்தே இருந்தது.

ஓய்வுபெற்றுப் பல வருஷங்கள் கழித்து, ஒரு மதியம், நாற்காலியில் சாய்ந்தபடியே அவர் போய்விட்டார். வாழ்நாளில் அவர் சத்தமில்லாமல் செய்த ஒரே காரியம். அம்மா அழுதாள், பிறகு பேச்சைக் குறைத்துக்கொண்டாள். வெளியூரிலிருந்து வந்து கூடவே தங்கிய சிட்டு என்னென்னவோ பேசிப் பார்த்தாள். 'ம்' என்பதற்கு மேல் பதில் வரவில்லை.

சில வாரங்களில் அப்பாவோடு வேலை பார்த்த வண்டி ஓட்டுநர் துக்கம் விசாரிக்க வந்தார். பழுது பார்த்த வண்டியை நிலையத்துக்குக் கொண்டுபோகிற வழியில் இறங்கியிருந்தார். அம்மா வாசலில் நின்ற சிவப்பு வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதுல ஒரு தடவை ஏத்திக்கிட்டுப் போங்கன்னு கல்யாணம் ஆனதுலேர்ந்து கேட்டேன். ரூல் இல்ல, ரூல் இல்லன்னே காலத்தை ஓட்டிட்டாரு."

ஓட்டுநர் தலையைச் சொறிந்தார். "ரூல் இல்லதான் அண்ணி." பிறகு போய் முன்கதவைத் திறந்தார். "ஏறுங்க."

படி உயரம். கீழிருந்து சிட்டு தள்ள, மேலிருந்து ஓட்டுநர் இழுக்க, அம்மா ஒருவழியாக முன்சீட்டில் உட்கார்ந்தாள். சிட்டுவும் பக்கத்தில் ஒடுங்கிக்கொண்டாள்.

"சைரன் போடுப்பா."

"ஐயோ, தீ இல்லாம போடக்கூடாது அண்ணி."

"நீயும் அவர் மாதிரியே பேசறியே!"

கடைத்தெரு வந்ததும் ஓட்டுநரின் விரல் தெரியாத்தனமாகப் பட்டதுபோல ஒரு பொத்தானில் பட்டது. ஒரே ஒரு அலறல். முன்னால் போன பேருந்து அலறியடித்து ஒதுங்கியது. அம்மா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வழிந்தது. சிட்டு துடைக்கப்போனாள்; அம்மா கையைத் தட்டிவிட்டாள்.

"சும்மா இருடி. அந்தப் பஸ்ஸைப் பாரு, எப்படி வழி விடுது!"