பலூன் போதாதென்ற நயீம் அகமது

ஆம்பூர் ஷூ கம்பெனியில் தையல் பிரிவு சூப்பர்வைசர் ரஃபத் ஜஹான். சிறுநீரகம் கைவிட்ட பிறகும் டயாலிசிஸ் இல்லாத நாட்களில் வேலைக்குப் போனாள். நோயைவிடப் பெரிய தொல்லை, கணவனின் அண்ணன் நயீம் அகமது. தோல் தரகில் நாலு காசு பார்த்ததும், தனக்குத் தெரியாத விஷயமே இல்லை என்று முடிவு செய்துவிட்ட ஆள்.

டயாலிசிஸ் ஊசிக்காக அவள் இடது கையில் அறுவை செய்து இணைத்திருந்த ரத்தக்குழாய் ஒருமுறை சுருங்கியது. கை வீங்கியது, ஊசியை எடுத்தால் ரத்தம் நிற்கவில்லை. வேலூர் டாக்டர் பொறுமையாக விளக்கினார். பலூனை உள்ளே விட்டு விரித்தால் குழாய் திறக்கும், சில மாதத்தில் திரும்பச் சுருங்கலாம். மருந்து பூசிய பலூன் சிலருக்குக் கூடுதல் காலம் தாங்கும், எல்லோருக்கும் அல்ல. பலூனுக்கு மசியாத இடத்துக்குத்தான் ஸ்டென்ட். இவளுக்கு முதலில் சாதாரண பலூன் போதும். இந்த வாரமே செய்துவிடலாம்.

"பலூனா? பெரிய மனுசங்க எல்லாம் ஸ்டென்ட்தான் வச்சிருக்காங்க," என்றார் நயீம். அவர்கள் வைத்திருப்பது இதயத்தில் என்பது அவருக்கு உறைக்கவில்லை. செல்போனில் தேடினார், சென்னையிலிருக்கும் தோஸ்தைக் கேட்டார், தோலைப் புரட்டித் தரம் பார்ப்பதுபோல வைத்தியத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். கணவன் வாஹித் பாஷாவோ, அண்ணன் தும்மினால்கூடத் தலையாட்டுகிறவன்.

இப்படியே வாரங்கள் ஓடின. ஒரு காலை, கையைத் தொட்டால் எப்போதும் தெரியும் அதிர்வு இல்லை. குழாய் உறைந்து அடைத்துவிட்டது. டாக்டர்கள் முயன்றும் திறக்கவில்லை. டயாலிசிஸுக்காகக் கழுத்தில் டியூப் போட்டார்கள். பார்க்க வந்தவர்களிடம், ஆஸ்பத்திரி தாமதம் செய்துவிட்டதாக நயீம் கூசாமல் சொன்னார்.

பிறகு வலது கையில் ரத்தக்குழாயைப் புதிதாக இணைத்தார்கள். பல மாதம் கழித்து அதுவும் சுருங்கியது. இம்முறை ரஃபத் வீட்டில் மூச்சு விடவில்லை. கூட வேலை செய்யும் அம்பரீனை அழைத்துக்கொண்டு பஸ் ஏறினாள், தானே கையெழுத்துப் போட்டாள், பலூன் செய்துகொண்டாள். கட்டோடு வந்தவளைப் பார்த்து, யாரைக் கேட்டுச் செய்தாய் என்றார் நயீம்.

"உங்க கையில ஊசி குத்தறப்ப நீங்க முடிவு பண்ணுங்க, பாய். இது என் கை."

சில மாதம் கழித்து அதே இடம் மறுபடி சுருங்கியபோது அவள் டாக்டரோடு பேசி மருந்து பூசிய பலூனுக்குச் சம்மதித்தாள். இதுவரை தாங்குகிறது, அவளும் தையல் பிரிவில் நிற்கிறாள்.

நயீம் இப்போது கல்யாண வீடுகளில் பிரியாணிக்குக் காத்திருக்கும்போது, ஸ்டென்ட் எல்லாம் தேவையில்லை, தம்பி பெண்சாதிக்குப் பலூன் வைக்கச் சொன்னதே நான்தான் என்கிறார். கேட்க நாலு பேர் எப்போதும் கிடைக்கிறார்கள்.