கடைசியாகப் பேசுகிறவர்

போர் முடிந்து வெள்ளைக்காரனும் போன பிறகு, தேர்தல் வரும்வரை எங்கள் மலையை நிர்வகிக்க ஓர் இடைக்காலக் குழு போட்டார்கள். அதில் மலைக்குடிகள் சார்பில் இருந்த ஒரே ஆள், கொட்டச்சேட்டு ஊர்த்தலைவர் சடையன்.

எங்கள் ஊர்க்கூட்டத்தில் எல்லாரும் பேசி ஓய்ந்த பிறகுதான் தலைவர் வாய் திறப்பார். அவர் சொல்வதே முடிவு. ஏற்காட்டில் கூடிய குழுவிலும் சடையன் அப்படியே காத்திருந்தார்.

நாங்கள் சாமை விதைக்கும் காட்டை அரசு எடுத்துக்கொள்ளும் பேச்சு வந்தது. சாமைச் சோற்றைக் கண்ணால்கூடப் பார்த்திராதவர்கள் பேசித் தீர்த்தார்கள். கடைசியில் அவர் தொண்டையைச் செருமுவதற்குள், "யாருக்கும் ஆட்சேபணை இல்லை, முடிச்சுக்கலாம்" என்று எல்லாரும் எழுந்துவிட்டார்கள்.

"ஏனுங்க, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்லீங்க?" என்று ஊர் திரும்பியதும் கேட்டான் எங்கள் ஊர் மாதையன்.

"எல்லாரும் பேசி முடிக்கட்டும்னு இருந்தேன், சாமி."

அதன்பிறகு ஊர்க்கூட்டத்திலும் அவரே முதலில் பேசினார். தலைவர் பேசியாயிற்றே என்று, அதற்குமேல் யாரும் வாய் திறக்கவில்லை.