பர்லியாரில் வண்டி நின்றபோது

என் கணவருக்குக் குன்னூரில் டீ டேஸ்டர் வேலை. வரிசையாக வைத்த கிண்ணங்களில் ஒவ்வொரு வாயாக உறிஞ்சித் துப்பி, தேயிலையின் தரத்தைச் சொல்வார். அதனால் வயிறு எரிகிறது என்று அவர் சொன்னபோது, வெறும் வயிற்றில் டீ படுவதால்தான் என்று நானே முடிவு கட்டினேன். அல்சர் மாத்திரையிலேயே நான்கு மாதம் போயிற்று. இரண்டு வாய் சோற்றுக்கே வயிறு நிரம்பிவிடுகிறது என்றார். பெல்ட்டில் புதிதாக இரண்டு துளை போட்ட பிறகுதான் கோயம்புத்தூருக்குப் போனோம்.

வயிற்றுக்குள் குழாய் விட்டு எடுத்த சதையில் லிம்போமா என்று வந்தது. நிணநீர்ச் செல்களில் வரும் புற்றுநோய், மருந்துக்குக் கட்டுப்படும் என்றார் டாக்டர். பிறகு இடுப்பெலும்பில் ஊசி இறக்கி மஜ்ஜை எடுத்தார்கள். அதன் முடிவு வந்த அன்று என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார்கள். மஜ்ஜைக்கும் பரவிவிட்டது, முன்பு சொன்ன அளவுக்கு நம்பிக்கை சொல்ல முடியாது என்றார் டாக்டர்.

வெளியே வந்து, "ஊசி மருந்து போட்டா சரியாயிருமாமுங்க" என்றேன்.

டாக்ஸி மலையேறியது. பர்லியாரில் டிரைவர் டீ குடிக்க இறங்கினார். ஜன்னலைப் பார்த்தபடியே என் கணவர் கேட்டார்.

"எலும்புக்குள்ள போயிருச்சா?"

"இல்லீங்க."

"உனக்குப் பொய் சொல்ல வராது புள்ள. உன்னைய மட்டும் கூப்பிட்டப்பவே தெரிஞ்சிருச்சு."

நான் அழுதேன். அவர் அழவில்லை. "இனி எதுன்னாலும் ரெண்டு பேருத்தையும் உக்கார வெச்சுச் சொல்லச் சொல்லு. நீ தனியாச் சொமக்க வேண்டாம்" என்றார்.

அதற்குப் பிறகு நான் தனியாக அந்த அறைக்குள் போனதில்லை. ஆறு முறை கீமோ. மூன்றாவதிலேயே நாக்கு மரத்துப்போய், வேலையை விட்டுவிட்டார். வயிற்றுக் கட்டி சுருங்கியது. மஜ்ஜையில் இருந்தது அசையவில்லை. இதற்கு மேல் உடம்பு தாங்காது என்று டாக்டர் சொன்னபோது, அவர்தான் கேட்டார்: "அப்ப ஊட்டுலயே இருந்துக்கலாமுங்களா?"

குன்னூருக்குப் பக்கத்தில் வெலிங்டனில் இருந்த எங்கள் வீட்டில் பதினொரு வாரம் இருந்தார். சில நாள் கோபம் வந்து சாப்பாட்டைத் தள்ளிவிடுவார். காரியத்துக்கு யாரைக் கூப்பிட வேண்டும், யாரைக் கூப்பிட வேண்டாம் என்றுகூடப் பேசினோம். ஒருநாள் மத்தியானம், "பயமா இருக்குது" என்றார். "எனக்குந்தானுங்க" என்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டு அப்படியே தூங்கிப்போனார்.

மழை பிடித்த வாரத்தில், பகல் பதினொரு மணிவாக்கில் உயிர் பிரிந்தது. அன்று காலையில் அரை டம்ளர் கஞ்சி குடித்திருந்தார்.