மடியிலிருந்து விழுந்த மாதிரிக் கட்டை

அம்மாவுக்குக் கடைசல் மிஷின் கிடைக்குமா கிடைக்காதா என்பது ஒருநாள் முழுக்க என் மடியில் இருந்தது. சத்தியமாகத்தான் சொல்கிறேன். அப்போது எனக்கு ஒன்பது வயது.

சிவகாசி போகிற சாலையில் மாமாவின் கடைசல் பட்டறை. பட்டாசு கம்பெனிகளில் புஸ்வாணத்துக்குக் காகிதம் சுற்றுகிறார்களே, அந்தக் கூம்புக் கட்டைகளை மரத்தில் கடைந்து கொடுப்பார். அம்மா அங்கே வருடக்கணக்காக உப்புத்தாள் தேய்த்துக்கொண்டிருந்தாள். தனக்கும் ஒரு மிஷின் வேண்டுமென்று அண்ணனிடம் கேட்டுக் கேட்டு அலுத்தும் போனாள். அந்த சீசனில் மாமா ஒருவழியாக இறங்கி வந்தார். காலையில் தானே ஒரு கட்டையைக் கடைந்து வைத்தார். அதேபோல் அம்மா அவர் மிஷினில் பதினொன்று கடைய வேண்டும். பன்னிரண்டும் ஒன்றுபோல இருந்தால் மூலையில் சும்மா கிடக்கும் மிஷின் அம்மாவுக்கு. ஒன்று பிசகினாலும் பழையபடி உப்புத்தாள்தான். கட்டை மயிரிழை பருத்தால்கூட, அச்சடித்து வெட்டி வந்த காகிதம் விளிம்பு சேராது. அப்புறம் ஆர்டர் ஏது?

மாமா கடைந்த மாதிரிக் கட்டையை மற்றதோடு கலக்காமல் காப்பது என் பொறுப்பு. பாவாடை மடியில் வைத்துக்கொண்டேன். அம்மா கடையக் கடைய, காலிப்பரால் அதில் அளவெடுத்துப் புதுக் கட்டையில் பிடித்துப் பார்ப்பேன். அடி, நடு, நுனி. அப்பப்பா, அன்றைக்கு அவள் கையில்தான் என்ன வேகம்! மரச்சுருள் என் முகத்தில் வந்து அடிக்கிறது, நான் துடைக்கக்கூட இல்லை. எட்டாவது கட்டைக்கு மேல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பதினொன்றாவதும் சரியாக இருந்ததும் ஓவென்று கத்திக்கொண்டு துள்ளி எழுந்துவிட்டேன். மடியிலிருந்த மாதிரிக் கட்டை விழுந்து, வரிசையாக நிறுத்தியிருந்த கட்டைகளையும் உருட்டிவிட்டது. பன்னிரண்டும் ஒரே கும்பலாகக் கிடந்தன. எது மாமாவுடையது என்று தெரியவில்லை.

அந்த நேரம் பார்த்து மாமா உள்ளே வந்தார். போச்சு, அம்மாவின் மிஷினை நானே கெடுத்துவிட்டேன் என்று எனக்கு அழுகை முட்டியது. தேம்பித் தேம்பி நடந்ததைச் சொன்னேன். என் கைவேலை எனக்குத் தெரியாதா என்று மாமா குத்த வைத்து உட்கார்ந்தார். ஒவ்வொன்றாக உருட்டினார், நகத்தால் தடவினார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ரொம்ப நேரம் கழித்து ஒன்றை எடுத்தார்.

"இந்தா, இதுதான் என்னுது."

அம்மா அதை வாங்கி அடிப்பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள். அங்கே ஒரு சின்னக் கணு.

"அண்ணே, இது நான் நாலாவதாக் கடைஞ்சது. இந்தக் கணுவுல உளி தட்டுச்சு, அப்பவே பாத்து வச்சேன். கோவிச்சுக்கிடாதீக."

மாமா அந்தக் கணுவைத் தடவிப் பார்த்தார். இன்னொரு கட்டையை எடுத்தார், வைத்தார். பிறகு எழுந்து போய் மூலை மிஷின்மேல் கிடந்த சாக்கை இழுத்துப் போட்டுவிட்டுத் தூசி தட்ட ஆரம்பித்தார்.

கோபத்தில்தான் அப்படித் தட்டுகிறார் என்று நினைத்தேன். அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு, அடுத்த தடவை மாமா கட்டை மாதிரியே இல்லாமல் கொஞ்சம் வித்தியாசமாகக் கடை, அப்போதுதான் கலக்காது என்று கெஞ்சினேன். அம்மா சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். இவளுக்காக நான் இப்படி அழுகிறேன், இவளுக்குச் சிரிப்பு வருகிறதே என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ரெண்டு நாள் அவளோடு பேசவில்லை.