பக்கத்து வீட்டுச் சுவரையும் விழுங்கும் கலம்

சுனாமிக்கு முந்திய வருடம் நான் விஞ்ஞானப் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தேன். நிவித்திகலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தின் கடைசி அறைக்கு முந்திய அறை எங்களுடையது. மடியில் ஐந்து மாதப் பிள்ளை, தோட்டப் பள்ளிக்கூடத்தில் தற்காலிக ஆசிரியை வேலை, சனிக்கிழமைகளில் இரத்தினபுரியில் வகுப்பு. உயிரியலில் சித்தியடையாவிட்டால் அடுத்த ஆண்டுக்குப் போக முடியாது. பட்டம் இல்லாவிட்டால் வேலை நிரந்தரமாகாது.

பிள்ளையைப் பார்த்துக்கொண்டவர் கடைசி அறையிலிருந்த என் ஓரகத்தி, கணவருடைய அண்ணன் மனைவி. இரண்டு அறைக்கும் நடுச்சுவர் ஒன்றுதான். அதில் அண்ணனும் தம்பியும் தோட்டத்துத் துரைக்குத் தெரியாமல் ஒரு வழி வெட்டி, மரச்சட்டம் பொருத்தியிருந்தார்கள். யாராவது வந்தால் சேலை ஒன்றைத் தொங்கவிடுவோம். தேங்காய்ப் பாதி, அடுப்புத் தணல், பிள்ளை, எல்லாம் அந்த வழியாகத்தான் போய்வரும்.

"டீச்சரம்மா, புள்ளைக்குப் பால் குடுக்கிறது யாருங்க, புத்தகமா?" என்று கேட்டுக்கொண்டே அக்கா தினமும் கையை நீட்டுவார்.

பிள்ளை பிறந்ததும் என் வயிற்றைப் பழைய சேலையால் இறுக்கிக் கட்டியவரும் அவர்தான். "கட்டலன்னா காத்து புகுந்து வயிறு பானையாட்டம் நின்னுரும், தங்கச்சி." காற்று எந்த வழியாகப் புகும் என்று நான் கேட்கவில்லை. மூச்சு முட்ட நாற்பது நாள் கட்டிக்கொண்டு கிடந்தேன். படித்தவள் என்று பெயர்.

கருப்பை உண்மையில் என்ன செய்தது என்பதைப் பிறகு பாடப்புத்தகத்தில் படித்தேன். உடம்பின் கலங்கள், அதாவது உயிரணுக்கள், பக்கத்துக் கலங்களோடு நுண்ணிய குழாய்களால் பேசிக்கொள்கின்றன. அந்தக் குழாய்கள் கூட்டமாக நிற்கும் இடம் இடைவெளிச் சந்தி. ஒவ்வொரு குழாயிலும் பாதி இந்தக் கலம் கொடுத்தது, பாதி அந்தக் கலம் கொடுத்தது. பிரசவ நேரத்தில் கருப்பைத் தசையில் இவை பெருகும். அதனால்தான் தசை முழுவதும் ஒன்றாகச் சுருங்குகிறது. பிள்ளை வெளியே வந்ததும் வேலை முடிந்தது. ஆனால் பூட்டிக்கொண்ட பாதிகள் பிரிவதில்லை. ஒரு கலம் சந்தியை அப்படியே உள்ளே இழுத்து விழுங்கிவிடும், பக்கத்துக் கலத்தின் பாதியையும் அதன் மென்சவ்வில் ஒரு துண்டையும் சேர்த்து. விழுங்கியது சிறு உருண்டையாக உள்ளே கிடக்கும். நொதியங்கள் நிறைந்த இலைசோசோம் அதோடு சேர்ந்து அதைக் கரைத்துவிடும். எந்தச் சேலையும் தேவைப்படவில்லை.

பரீட்சையில் இதே கேள்வி வந்தது. சரியாகத்தான் எழுதினேன். கடைசிப் பத்து நிமிடத்தில் வழக்கமான சந்தேகம் பிடித்தது. பக்கத்து வீட்டுக்காரன் பாதியை ஒருத்தன் எப்படி எடுப்பான்? லயத்தில் அவரவர் பக்கச் சுவருக்கு அவரவர்தான் சுண்ணாம்பு அடிப்போம். மற்றவர் பக்கத்து ஒட்டடையைத் தட்டினாலே வாசல்வரை சண்டை போகும். கலத்துக்கும் அந்த மரியாதை இருக்கும் என்று நினைத்து, விடையைக் குறுக்கே வெட்டிவிட்டு, ஒவ்வொரு கலமும் தன் பாதியைத் தானே திரும்ப எடுத்துக்கொள்ளும் என்று எழுதினேன்.

சிறிய புள்ளி வித்தியாசத்தில் பரீட்சையில் தவறினேன். விரிவுரையாளர் விடைத்தாளை விரித்துக் காட்டினார்.

"வெட்டுப்பட்டதை எழுதினவருக்கு விஷயம் தெரிந்திருக்கிறது. வெட்டினவருக்குத்தான் தெரியவில்லை. இரண்டு பேரும் நீங்கள்தானே?"

"ஆமாங்க சேர்."

"அடுத்த முறை முதல் ஆளை மட்டும் அனுப்புங்கள்."

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன், மரியாதைக்கு.

மறுபரீட்சைக்குச் சில வாரங்கள் இருக்கும்போது மேட்டில் கட்டிய தனி வீடுகளில் ஒன்று அக்காவின் கணவருக்கு, என் மூத்தாருக்குக் கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை சாமான் ஏற்றினார்கள். கடைசியில் மூத்தார் அலவாங்குக் கம்பியோடு வந்து நடுச்சுவர்ச் சட்டத்தை நெம்பினார், அக்கா மறுமுனையைப் பிடித்துக்கொண்டார்.

"அக்கா, அதுல பாதி எங்களுது."

"எந்தப் பாதின்னு காட்டு தங்கச்சி, அறுத்துத் தாரேன்."

சட்டம் பெயர்ந்தபோது என் பக்கத்துக் காரை பலகையளவுக்கு உரிந்து போனது. என் கலண்டர் ஆணியும் போனது. நான் பூசிய நீல வர்ணமும் அவர்கள் தோளில் மேட்டுக்கு ஏறியது. தூசி படாமல் பிள்ளையின் முகத்தை மூடிக்கொண்டு நின்றேன். பாடப்புத்தகத்தில் இருந்தது கண்ணெதிரே நடந்தது, பரீட்சை முடிந்த பிறகு. என் கணவர் ஓட்டைக்குத் தகரம் அடித்துவிட்டு, "விடு, பழைய பலகைதானே" என்றார். இனி பிள்ளையை எந்த வழியாகக் கொடுப்பது என்று அவருக்குத் தோன்றவேயில்லை.

மறுபரீட்சை அன்று காலையில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மேடேறினேன். திட்டு வாங்கப்போகிறேன் என்றே நினைத்தேன். புது வீட்டுக் குசினி வாசலில் அதே சட்டம் நின்றது, என் நீலத்தோடும் ஆணியோடும். கலமாக இருந்திருந்தால் சில மணி நேரத்தில் கரைத்திருக்கும். அக்கா வர்ணம்கூட மாற்றவில்லை.

"என்ன டீச்சரம்மா, வாசல் தெரியலையா?" அந்தச் சட்டத்துக்குள்ளிருந்து கை நீண்டது. "குடு. இந்தத் தடவையாவது எழுதினதை வெட்டாம வா."

அதையும் என் கணவர் போய்ச் சொல்லியிருக்கிறார்.

கேள்வி வேறு மாதிரி வந்தது, விடை அதுதான். எழுதி முடித்து, பேனையை மூடிக் கைப்பைக்குள் போட்டேன். மீதி இருபது நிமிடமும் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.