வடைச் சட்டி எண்ணெயும் டிராக்டர் பேரிங்கும்

திருச்சுழி ரோட்டில் தகரம் போட்ட ஒரு கொட்டகைதான் என் பட்டறை. அந்த ஐப்பசியில் நல்ல மழை பெய்திருந்தது. கரிசலில் ஈரம் இருக்கும்போதே மக்காச்சோளம் போட்டாக வேண்டும். அந்த நேரம் பார்த்து ஒரு அம்மாவின் டிராக்டரைக் கட்டி இழுத்து வந்தார்கள். பின்சக்கரத்தில் கடகடவென்று சத்தம். வாடகை டிராக்டர்கள் எல்லாம் மற்றவர்கள் காட்டில் உழுதுகொண்டிருந்தன. இந்த வண்டி ஓடினால்தான் அவருக்கு இந்த வருடம் வெள்ளாமை.

அச்சை வெளியே எடுத்தேன். பேரிங் நொறுங்கி, உள்வளையம் மட்டும் அச்சைக் கவ்விக்கொண்டு நின்றது. தேய்ந்த பழைய பேரிங்கை யாரோ மாட்டி, அது லூசாக இருந்ததால் அடியில் தகரத் துண்டைச் சுற்றி அடித்து ஏற்றியிருந்தார்கள். எங்கள் பக்கம் பலரும் செய்கிற வேலைதான். இறுக்கமாகப் பிடிக்கும், பிறகு கழற்ற முடியாது.

பேரிங் கழற்றும் புல்லரை மாட்டினேன். அதன் கால்கள் வளையத்தைப் பின்னாலிருந்து பிடித்துக்கொள்ளும். நடுவிலுள்ள போல்ட்டை முறுக்கினால் வளையம் வெளியே வர வேண்டும். நீளக் குழாயைச் செருகி முறுக்கியும் அசையவில்லை.

அந்த அம்மாவின் கொழுந்தன் சம்மட்டியைத் தூக்கினார். "தள்ளுங்கண்ணே, ரெண்டு போடு போடுறேன்."

"கேஸ் கட்டிங் வச்சு வெட்டிட்டா என்ன?" என்றார் அந்த அம்மா.

அச்சில் ஒரு வெட்டு விழுந்தால் போச்சு. வேறு அச்சு மதுரையிலிருந்து வருவதற்குள் நிலம் காய்ந்துவிடும். நாலு பேர் நிற்கும் இடத்தில் எனக்குப் பேச்சு வராது. "வேண்டாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு, பக்கத்து வடைக் கடைக்குப் போனேன்.

"அக்கா, எண்ணெய் கொஞ்சம் வேணும்."

"வடை வேணும்னு கேளு. அதுக்கு ஏன் தரையப் பாக்குற?"

"வடை இல்லக்கா. கொதிக்கிற எண்ணெய். பேரிங்குல ஊத்தணும்."

அக்கா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, ஒரு தூக்குவாளியில் மொண்டு கொடுத்தார். அதைப் பார்த்ததும் கொழுந்தன் சிரித்தார். "மதினி, அண்ணே பேரிங்கு வடை சுடப்போறாரு. சட்னி இருக்கா?"

"நீ வாய மூடு" என்றார் அந்த அம்மா. அவர் கண் வளையத்திலேயே இருந்தது.

அடியில் தட்டு வைத்து, புல்லரை முடிந்த மட்டும் முறுக்கிவிட்டு, வளையத்தைச் சுற்றி எண்ணெயை ஊற்றினேன். புகை கிளம்பியது. சூட்டில் வளையம் விரியும். அந்தச் சூடு அச்சுக்கு இறங்குவதற்குள் இழுத்துவிட வேண்டும்.

"குழாயப் பிடிங்க! இழுங்க!" என்று கத்தினேன். கொழுந்தன் சிரிப்பை விட்டுவிட்டு ஓடிவந்து பிடித்தார்.

டணார் என்று ஒரு சத்தம். வளையம் இளகி, போல்ட்டை முறுக்க முறுக்க வழுக்கிக்கொண்டு வந்து தட்டில் விழுந்தது. கூடவே கசங்கிய தகரமும் வந்தது. அச்சைத் துடைத்து விரலால் தடவினேன். ஒரு கீறல் இல்லை. புது பேரிங் தகரமே இல்லாமல் கச்சிதமாக உட்கார்ந்தது.

சக்கரத்தை மாட்டியதும், "நீங்களும் ஏறுங்கண்ணே. காட்டுல சத்தம் கேட்டா யாரத் தேடுறது?" என்று கொழுந்தன் என்னை மட்கார்டில் உட்கார வைத்தார்.

காட்டில் கலப்பையை இறக்கி முதல் சால் உழுது முடியும்வரை சக்கரத்துக்கே காது கொடுத்திருந்தேன். சத்தமே இல்லை. பின்னால் கரிசல் கறுகறுவென்று ஈரமாகப் புரண்டது. அந்த அம்மா மடியில் விதையோடு வரப்பில் நின்றுகொண்டு, விதைக்கலாமா என்பதுபோல் என்னையே பார்த்தார்.

"போடுங்கம்மா!" என்றேன். காடு முழுக்கக் கேட்டிருக்கும்.