பதினோராவது அடியில் சிப்பி

எண்பதுகளின் கடைசியில் ராஜகீழ்ப்பாக்கத்தில் வாடகைக்கு இருந்தோம். கிழக்கே சதுப்பு நிலத்தை ஒட்டி ஒரு மனை வாங்கியிருந்தோம். வீடு கட்டுமுன் அங்கே கிணறு தோண்ட ஆள் வைத்தோம்.

நான் பள்ளியில் புவியியல் ஆசிரியை. கடற்கரைச் சமவெளி என்பது ஆறும் கடலும் கொண்டுவந்து சேர்த்த வண்டல் என்று வருடாவருடம் கரும்பலகையில் எழுதிப் போடுவேன். அந்த வண்டலின் மேல்தான் நானும் நடக்கிறேன் என்று ஒருநாளும் தோன்றியதில்லை.

தோண்ட வந்தவர்கள் கணவனும் மனைவியும். அவர் குழிக்குள் வெட்டுவார். அந்த அம்மா மேலே நின்று கூடையை இழுத்துக் கொட்டுவார். முதல் இரண்டடி, மனையை மேடாக்கக் கொட்டிய செம்மண். அதன் கீழே மண்வெட்டியை விடாமல் பிடித்துக்கொள்ளும் கறுப்புக் களிமண். மூன்றாம் நாள், பதினோராவது அடியில், சாம்பல் நிற மணல் ஈரமாக வந்தது. அதில் நகமளவு வெள்ளைச் சிப்பிகள்.

கடல் அங்கிருந்து பல மைல். என்றோ இங்கே உப்பங்கழி இருந்திருக்க வேண்டும். சிப்பிகளைப் பொறுக்கிப் புடவையில் துடைத்துக்கொண்டிருந்தேன். அந்த அம்மா குழியின் பக்கச் சுவரையே பார்த்தார்.

"யோவ், மேல ஏறி வா!"

"இன்னும் ரெண்டடிதானே. தண்ணி இப்பத்தான் தெரியுது," என்றார் என் கணவர்.

"அடில மணலு ஓடிகினு கீது சார். களி எது மேல நிக்கும்?" கயிற்றைக் கீழே விட்டார். "ஏறுய்யா!"

குழிக்குள் இருந்தவர் முணுமுணுத்துக்கொண்டே ஏறி வந்து பீடி பற்றவைத்தார். அது பாதி எரிவதற்குள் ஒரு பக்கம் மொத்தமாகச் சரிந்தது. சத்தம் பெரிதாக இல்லை. எட்டிப் பார்த்தபோது குழி பாதி நிரம்பியிருந்தது.

என் கணவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். "தப்பு என்னோடதும்மா," என்றார்.

"வூட்ல ரெண்டு பொண்ணுங்க கீது சார்." அந்த அம்மா கயிற்றைச் சுருட்டத் தொடங்கினார். அவர் கையைப் பிடித்தேன். வண்டலைப் பற்றிப் பாடம் நடத்துகிற நான், என் கணவர் இன்னும் தோண்டச் சொன்னபோது சிப்பி துடைத்துக்கொண்டு நின்றிருந்தேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

பிறகு சிமெண்ட் உறை இறக்கிக் கிணற்றை முடித்தார்கள். தண்ணீர் உப்புக் கரித்தது; துவைக்கத்தான் ஆயிற்று. குடிக்க, ராஜகீழ்ப்பாக்கத்துப் பழைய வீட்டுக்காரர் கிணற்றிலிருந்து சைக்கிளில் குடம் கட்டிக் கொண்டுவந்தோம். அது உப்பங்கழி எட்டாத மேட்டில், பாறையில் வெட்டிய கிணறு.